சாம்பல் அட்டையும் மச்சானின் கண்களும்

மாத்தளை டவுனில் நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்து ஒரு ஸ்டூடியோ நடத்தினோம். மச்சான் படம் எடுப்பார். நான் கம்ப்யூட்டரில் திருத்தி, கண்டியிலுள்ள லேபுக்கு அச்சடிக்க அனுப்புவேன்.

சில மாதங்களாக எங்கள் ஆல்பங்களில் மஞ்சள் தூக்கலாக வந்தது. உக்குவளைக் கல்யாணம் ஒன்றின் ஆல்பத்தை மணப்பெண்ணின் தாய் மேசையில் வைத்து, "எல்லாருக்கும் மஞ்சக்காமாலை புடிச்ச மாதிரி இருக்கே, தம்பி" என்றார். மச்சான் சிரித்துச் சமாளித்தார். அந்த அம்மா போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"லேப்ல பிழை இல்ல, மாப்புள. நம்ம மொனிட்டர் எல்லாத்தையும் நீலமா காட்டுது. அதைச் சரிக்கட்ட நீங்க மஞ்சளைக் கூட்டிக்கிட்டே போறீங்க."

கண்டி நண்பர் ஒருவரிடமிருந்து மொனிட்டரின் நிறத்தை அளக்கும் கருவியை இரவல் வாங்கினேன். உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு வட்டு. மொனிட்டரை அரை மணி நேரம் எரியவிட்டு, ஜன்னல் திரையை மூடி, வட்டை மொனிட்டர் மேல் தொங்கவிட்டேன். அதற்குக் கீழே சிவப்பு, பச்சை, நீலம், பிறகு விதவிதமான சாம்பல் நிறங்கள் வந்து வந்து போயின. அளந்து முடித்ததும் மொனிட்டர் மங்கிப் பழுத்துவிட்டது போலத் தெரிந்தது. என் கண் நீலத்துக்குப் பழகியிருந்தது.

சோதித்துப் பார்க்க, மச்சானை ஜன்னலோரம் உட்காரவைத்து, கையில், நிறம் ஒப்பிட வைத்திருக்கும் சாம்பல் அட்டையைக் கொடுத்து ஒரு படம் எடுத்தேன். அட்டை சாம்பலாகவே வந்தது. சட்டை வெள்ளையாக வந்தது. கண்கள் மட்டும் மஞ்சள்.

"இன்னும் மஞ்சளாத்தானே காட்டுது? திரும்ப அளந்து பாருங்க" என்றார்.

இரண்டு தடவை அளந்தேன். அதே மஞ்சள். படத்தை லேபுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை பஸ்ஸில் பிரிண்ட் வந்தது. அதை வெயில் வெளிச்சத்தில் வைத்து, பக்கத்தில் அட்டையை வைத்தேன். இரண்டு சாம்பலுக்கும் வித்தியாசமே இல்லை. கருவி சரி, மொனிட்டர் சரி, பிரிண்ட் சரி.

கோயில் தேரன்று மச்சானை எடுத்த பழைய படங்களைத் திறந்தேன். நான் கை வைக்காத மூலப் படத்தில் கண்ணோரம் லேசான மஞ்சள் இருந்தது. திருத்திய படத்தில் கண்கள் பளிச்சென்று வெள்ளை. யார் படமானாலும் கண்ணை வெள்ளையாக்குவது என் வழக்கம். இதையும் நானேதான் துடைத்திருக்கிறேன்.

மச்சான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடையிடையே முழங்கையைச் சொறிந்தார்.

"என்ன மச்சான், அரிக்குதா?"

"ரெண்டு கிழமையா உடம்பெல்லாம் அரிப்பு. ஏன்?"

"ஒண்ணுக்கு எப்படிப் போகுது?"

"தேத்தண்ணி நிறத்துல போகுது. வெயில்ல அலையுறோமே, அதுதான்."

பிரிண்டை அவரிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். எழுந்து ஸ்டூடியோக் கதவைப் பூட்டினார்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்து, கண்டிக்கு அனுப்பினார்கள். கணையத்தில் கட்டி. வெட்டி எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். பித்தம் வடிய உள்ளே ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். மஞ்சள் இறங்கியது. மச்சான் மறுபடி ஸ்டூடியோவுக்கு வந்தார். திங்கட்கிழமை தோறும் அட்டையோடு ஜன்னலோரம் உட்காருவார். "எடுங்க, பாப்போம்" என்பார். வாரத்துக்கு வாரம் கண்கள் வெளுத்தன. கொஞ்சம் சாப்பிடவும் முடிந்தது. நாங்கள் இரண்டு கல்யாணங்களுக்குக்கூட ஒப்புக்கொண்டோம்.

பதினோராவது திங்கள், படம் திரையில் விரிந்ததும் கண்ணோரம் மறுபடி மஞ்சள் தெரிந்தது.

"எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு, மச்சான்."

அவர் எழுந்து வந்தார். போன வாரப் படத்தைத் திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முப்பது வருடம் படம் எடுத்த மனிதர்.

"பொய் சொல்லாதீங்க, மாப்புள" என்றார், கோபமே இல்லாமல். "வேன்காரருக்கு ஒரு கோல் எடுங்க."

அன்று பின்னேரமே கண்டிக்குப் போனோம். அடைத்துப்போன குழாயை மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் ஜன்னலோரம் உட்காரவில்லை. நான்கு மாதத்தில் போய்விட்டார்.

அந்தப் பதினொரு படங்களையும் என் மனைவி கேட்டதில்லை. நானும் காட்டவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாருடைய கண்ணையும் வெள்ளையாக்க என் கை போவதில்லை.