கேட்க ஆளில்லாத கிணறு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஓடைப்பட்டியில் அடுத்தவர் தோட்டத்தில் பழக்கூடை சுமந்து, பிறகு சொந்தமாக இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல் போட்டவன். எந்த ஆபீஸ் வாசலிலும் கைகட்டி நின்றதில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அதனால், மதுரையில் தத்துவம் படித்த என் மகன், அரசாங்கமே வேண்டாம் என்று வெள்ளைக்காரர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியிருப்பதாகச் சொன்னபோது பெருமையாக இருந்தது. சிலர் அதை உடனே ஒழிக்கச் சொன்னார்களாம். சிலர், ஏழை பணக்காரன் பேதம் போனால் அதுவே பழுத்த இலைபோல உதிரும் என்றார்களாம். அரசாங்கம் இல்லாவிட்டால் மனுசனை மனுசன் தின்றுவிடுவான் என்று பயந்தவர்களும் உண்டாம். மகன் அவர்களை ஒத்துக்கொள்ளவில்லை. சாட்சிக்கு எங்கள் கிணற்றைக் காட்டினான்.

எனக்கும் என் தம்பிக்கும் அது கூட்டுக் கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் முறைத் தண்ணீர். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், காரியம் முடியும்வரை அந்த வீட்டுப் பந்தலுக்கும் மற்றவன்தான் பாய்ச்ச வேண்டும். எந்த அதிகாரியும் வந்து சொன்னதில்லை.

மழை பொய்த்த ஒரு வருசம், தம்பி கிணற்றை ஒட்டியே ஆழ்துளைப் போர் போட வண்டியைக் கொண்டுவந்தான். தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துத் தடுக்கும்படி ஊரில் சொன்னார்கள். நானா போவேன்? மகனைக் கூட்டிக்கொண்டு தம்பியிடமே போனேன். கிணறு வற்றினால் என் பந்தல் போய்விடும் என்றேன். தம்பி என்னைப் பார்க்காமல் மகனிடம் பேசினான்.

"ஏலே, கேக்க ஆளே வேணாம்னு நீதான டீக்கடையில பேசுன? இப்ப எவன் வந்து கேக்கணுங்கிற?"

அன்று சாயங்காலமே போர் இறங்கியது. கோடை முடிவதற்குள் கிணறு சேறானது. காய் பிடித்த கொடிகள் பந்தலிலேயே சருகாயின.

அந்த ஆடியில் தம்பி மனைவி இறந்துபோனாள். எங்களுக்குள் பேச்சு நின்றிருந்தது. இருந்தும் எடுத்து அடக்கிய மறுநாள் விடிந்ததும், தம்பியின் போர் மோட்டாரைப் போட்டு அவன் பந்தலுக்குப் பாய்ச்சினேன். வரப்புக்கு இந்தப் பக்கம் என் பந்தல் வெறும் கம்பியாக நின்றது.

மகன் வந்து பக்கத்தில் நின்றான். "இதத்தாம்ப்பா அவுக எழுதியிருக்காக" என்றான்.

"அந்தக் கெணத்தையும் எழுதியிருக்காகளா?"

காரியம் முடியும்வரை முறை தவறாமல் போய்ப் பாய்ச்சினேன். அதற்கு மறுநாள் அந்தப் பக்கம் போனபோது, தம்பியின் மோட்டார் ரூம் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.