ஜெர்மன் கோச்சும் எங்கள் பின்வரிசையும்

கால்பந்தில் கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள். தடுக்கிறவன் யார் என்று கோல் விழுந்த பிறகுதான் விசாரிப்பார்கள். பின்வரிசையில் ஆடி, முட்டி தேய்ந்து, பேர் தெரியாமல் வீடு திரும்பிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நானும் உங்களில் ஒருவன்தான். ஆட்டத்தை விட்ட பிறகு, மலேசியாவின் செண்டாயானில் பயிற்சி எடுக்கும் ஒரு சின்னக் கிளப்பில் உதவிக் கோச்சாகச் சேர்ந்தேன். தலைமைக் கோச்சாக வந்தவர் எக்கார்ட். ஜெர்மனியில் பெரிய லீக்கில் பல வருஷம் பின்வரிசையில் ஆடியவர். பிறகு கோச்சாகி, நாடு நாடாகச் சுற்றி, அறுபதைத் தாண்டிய வயதில் எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் ஆட்டக்காரர்களுக்குத் தமிழிலும் மலாயிலும் சொல்வேன். அப்படி அவர் பக்கத்தில் நின்று நான் வாய் பிளந்து பார்த்தவை இவை.

ஓடாத மனிதர்

முதல் வாரம். எங்கள் அணியிலேயே வேகமானவன் சுரேன். வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வரும் கோச்சைப் பார்த்து, "இவரு நமக்கு என்னத்த சொல்லித் தரப் போறாரு?" என்று முணுமுணுத்தான். கோச்சுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தத் தொனி எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. விசிலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கோல் கம்பத்துக்கு முன்னால் போய் நின்று, பந்தோடு வா என்று சுரேனைக் கூப்பிட்டார்.

சுரேன் இடது பக்கம் போனான். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. வலது பக்கம் போனான். பந்து அவர் காலடியில் இருந்தது. நடுவில் புகுந்து பார்த்தான், சுற்றி வந்து பார்த்தான். கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான். கோச்சின் சட்டையில் வேர்வைகூட இல்லை. சுரேன் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, அவர் ஓடவே இல்ல லா. நான் எங்க போகணும்னு அவர்தான் முடிவு பண்றாரு."

அடுத்த கட்டில்காரர்

ஒருநாள் போர்ட்டிக்சன் கடற்கரை மணலில் ஓட்டம். முடிந்ததும் எல்லாரும் தண்ணீரில் இறங்கினோம். அன்றைக்குத்தான், எப்போதும் கட்டியிருக்கும் பட்டை இல்லாமல் அவர் முட்டியைப் பார்த்தோம். பல தடவை வெட்டிய ரப்பர் மரம் மாதிரி இருந்தது. அவரே ஒவ்வொரு தழும்பாகத் தொட்டுச் சொன்னார். இது ஒரு நல்ல ஆட்டக்காரன் தெரியாமல் கொடுத்தது. இது ஒருத்தன் தெரிந்தே கொடுத்தது. பெரிதாக இருந்த கடைசித் தழும்பைத் தடவி, "இது என் அவசரம்" என்றார்.

அந்தக் கடைசி அறுவை சிகிச்சையோடு அவர் ஆட்டம் முடிந்துவிட்டது. இனி ஆடக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாராம். சாயங்காலம் டிவியில் அவர் கிளப்பின் ஆட்டம். பின்வரிசையில் அவருக்குப் பதிலாக நின்றவன் தப்பான இடத்தில் நிற்பதைப் பார்த்ததும் தாங்க முடியாமல், "உள்ளே வா, உள்ளே வா" என்று வார்டே அதிரக் கத்தியிருக்கிறார். அடுத்த கட்டிலில் படுத்திருந்த பெரியவர் சொன்னாராம்: "தம்பி, உனக்கு வெட்டினது காலைத்தானே, வாயை இல்லையே. கோச் ஆயிடு."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்

லுக்குட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் திருவிழாவை ஒட்டிக் கால்பந்துப் போட்டி. கோச்சை அழைத்துப் போயிருந்தேன். தோட்டத்து அணியின் பின்வரிசையில் ராஜன் என்றொருவர். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். முப்பது வயதைத் தாண்டியவர். கீப்பர் கையிலிருந்து பந்து நழுவி ஒரு கோல் விழுந்தது. மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டபோது, ராஜன் மட்டும் ஓடிப்போய்க் கீப்பரைக் கைதூக்கி எழுப்பி, முதுகில் தட்டிவிட்டு வந்தார்.

"அவர் எனக்கு வேண்டும்" என்றார் கோச். வயதாகிவிட்டதே என்றேன். "பந்தாட்டத்தை நான் சொல்லித் தருவேன். இதை எப்படிச் சொல்லித் தருவது?" என்றார். நான் போய் ராஜனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோச்சையும் பார்த்தார், தூரத்தில் நின்ற லோரியையும் பார்த்தார். "சார், திங்கக்கிழமையிலேர்ந்து குலை ஏத்தணும். ஞாயித்துக்கிழமைன்னா வர்றேன் லா."

மூடிய கதவு

ராஜன் வந்தார், அணியிலும் இடம் பிடித்தார். பிறகு ஒரு முக்கியமான ஆட்டத்தில் அவர் தலையால் முட்டிய பந்து எங்கள் வலைக்குள்ளேயே போய் விழுந்து, தோற்றோம். போனில் ஆளாளுக்குக் கேலிப் படம் போட்டார்கள். ராஜன் போனை அணைத்துவிட்டு, மனைவி கவிதாவோடு, மலைக்கு அப்பால் கோலா கிளாவாங்கில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். என் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் கோச்சும் நானும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். மடக்க முடியாத காலை வெளியே நீட்டியபடியே அந்த மலைப்பாதை முழுக்க உட்கார்ந்து வந்தார். ஒரு வார்த்தை வலி என்று சொல்லவில்லை.

ராஜன் அறைக்கதவைத் திறக்கவில்லை. கோச் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுப் பேச ஆரம்பித்தார். நான் கதவைப் பார்த்து மொழிபெயர்த்தேன். அவரும் ஒரு பெரிய ஆட்டத்தில், நிறைந்த அரங்கத்தில், சொந்த வலைக்குள் பந்தை முட்டியவர்தானாம். மறுநாள் ரொட்டிக் கடை வரிசையில் நின்றபோது ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடைக்காரம்மா மட்டும், "அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கம் முட்டு" என்று சொல்லி ரொட்டியைக் கையில் கொடுத்தாளாம். தேத்தண்ணி கொண்டுவந்த கவிதா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தட்டினாள்: "காலை மடக்க முடியாத மனுசன் மலையேறி வந்திருக்காரு. நீங்க ஒரு தாப்பாளத் திறக்கக் கூடாதா?"

கடைசி ஆட்டம்

தோற்றால் லீக்கை விட்டு வெளியே. சமன் செய்தால் பிழைத்தோம். எதிரணியில் வெளிநாட்டிலிருந்து வந்த முன்வரிசைக்காரன் ஒருவன், மரம் மாதிரி. அன்று மழை வேறு. ராஜன் அவனோடு முட்டினார், விழுந்தார், எழுந்தார். முடிகிற நேரத்தில் கீப்பரையும் தாண்டிப் போன பந்தை, சேற்றில் சறுக்கிக்கொண்டே போய்க் கோட்டின் மேல் காலால் தடுத்தார். விசில் ஊதியபோது அப்படியே படுத்துக் கிடந்தார். அவரை எழுப்பக் கீப்பர்தான் முதலில் ஓடினான். கோச் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மழையில் அசையாமல் நின்றார்.

எங்கள் பின்னால் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டே, "ஒரு கோலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுக்கா லுக்குட்லேர்ந்து வந்தோம்?" என்று அலுத்துக்கொண்டார். என்ன சொல்கிறார் என்று கோச் கேட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, மழையா கண்ணீரா என்று தெரியாமல் துடைத்துக்கொண்டார். "என் வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு பாராட்டியதில்லை."

ஆக, ஒன்றுமே நடக்காமல் பார்த்துக்கொள்வதற்காக உயிரை விட்டு ஆடி, ஒன்றுமே நடக்கவில்லையே என்று திட்டும் வாங்கிக்கொள்வதுதான் எங்கள் தொழில்.