காற்றைத் திட்டிய வெள்ளிக்கிழமை

கல்யாணமான இரண்டாவது மாதமே என் வீட்டுக்காரர் சவூதிக்குப் போய்விட்டார். கடையநல்லூரில் இது ஒரு செய்தியே இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் மாப்பிள்ளை ஃபோனுக்குள்தான் இருக்கிறார். தினமும் வீடியோவில் பேசினோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், என்ன ஆணம், மீன் குழம்பு. கொஞ்ச நாளில் மீனும் தீர்ந்துபோனது. அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம்.

அப்போதுதான் அவர் ஒரு கேமை இறக்கச் சொன்னார். இரண்டு பேர், ஒரே கயிறு, ஒரு மலை. ஒருவர் வழுக்கினால் இருவருக்கும் அடிவாரம்தான். பிடித்த கல் சில நேரம் கையோடு வந்துவிடும். எல்லாவற்றையும் விட மோசம் அந்தக் காற்று. சொல்லாமல் கொள்ளாமல் வரும், அதுவும் முக்கால் மலை ஏறிய பிறகுதான் வந்து கீழே தள்ளும். நம் மேல் ஒரு தப்பும் இருக்காது.

"இது என்ன மச்சான் அநியாயம்! இதைச் செஞ்சவன் கை வெளங்குமா?" என்று முதல் நாளே கத்தினேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஃபோனைத் தூக்கிப் போட்டுராதட்டி. வா, இன்னொரு தடவ ஏறுவோம்."

சுலபமான கேம்களும் ஆடிப் பார்த்தோம். ஜெயித்துவிட்டு, சரி வைக்கட்டுமா என்றோம். இதில் தோற்றுத் தோற்றுத்தான் வாய் ஓயாமல் பேசினோம். உங்களால்தான், உன்னால்தான் என்று ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் மாதிரி சண்டை போட்டோம். எனக்கு அவர்மேல் ஆசை வந்தது நிக்காஹ் அன்றைக்கு இல்லை, அந்த மலையடிவாரத்தில்தான்.

குற்றாலத்திலும் இதேதான் நடக்கிறது. நெடுநேரம் வரிசையில் நின்று, தலையை நனைக்கப் போகிற நேரத்தில் வெள்ளம் என்று போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் விரட்டுவார்கள். சனங்கள் திட்டிக்கொண்டே மிளகாய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, தண்ணீர் குறைந்ததும் அதே வரிசையில் போய் நிற்பார்கள். சும்மா கிடைத்த குளியலை யாரும் ஊருக்குப் போய்ச் சொல்வதில்லை.

ஆனால் அங்கே தண்ணீர் எப்படியும் குறையும். கேமில் மறுபடி ஏறலாம். என் வீட்டுக்காரரின் லீவுக்கு அப்படி ஒரு வழியும் இல்லை.

எங்கள் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர்கள் குற்றாலத்துச் சாரல் சீசனைக் கணக்கு வைத்துத்தான் லீவு கேட்பார்கள். வந்ததும் குடும்பத்தோடு வேன் பிடித்துப் போய் அருவியில் நின்றால்தான் ஊருக்கு வந்ததாகவே அர்த்தம். போன வருடம் இவருக்குக் கம்பெனியில் ஆள் பற்றாது என்று மறுத்துவிட்டார்கள். இந்த வருடம் பார்க்கலாம் என்று வாயால் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி என் மாமியார் தென்காசி வேன்காரருக்குச் சொல்லி வைத்துவிட்டார். நான் நனைவதற்கென்றே ஒரு பச்சைச் சுடிதார் எடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் கூப்பிட்டார். வாசலில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

"லீவு இல்லைன்னுட்டாங்கட்டி. புதுசா வேல வந்திருக்காம். இப்ப யாரையும் விட மாட்டாங்களாம்."

யாரிடம் போய் என்ன கேட்பது? அந்த முதலாளியின் முகம்கூட எனக்குத் தெரியாது. அடுப்படியிலிருந்து மாமியார், "என்னைக்கு வாரானாம்? வேன்காரன் கேக்கான்" என்றார். நான் ஃபோனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஏறுவோமாட்டி?" என்றார் அவர்.

ஏறினோம். அன்றைக்கென்று ஒரு கல்லும் நழுவவில்லை. உச்சியில் ஒரு சிவப்புக் கொடி தெரிந்தது. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது. அப்போது காற்று வந்தது.

"ஏலே, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நாங்க என்னலே தப்புச் செஞ்சோம்? ரெண்டு வருசமாச்சுலே! உனக்குப் பொண்டாட்டி பிள்ளைன்னு யாரும் கெடையாதா?"

நான் கத்திக் கத்தி, மூச்சு வாங்க நிறுத்தினேன். திரையில் இரண்டு பொம்மைகளும் அடிவாரத்தில் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு நின்றன. காற்றுக்கு ஏதுட்டி பொண்டாட்டி என்று அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன் நிப்பாட்டிட்ட?" என்றார். "இன்னுங் கொஞ்சம் திட்டுட்டி. என்னால இங்கன யாரையும் திட்ட முடியாது."