மூன்றாவது தாம்பரம் வண்டி

தாம்பரம் போகும் மின்சார ரயில் கண்ணில் படுவதற்கு முன்பே எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டு மொட்டை மாடியின் தரை உள்ளங்காலில் குறுகுறுக்கும். அதற்காகவே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கணக்குப் போட்டவர்கள் நானும் பர்வீனும். அவள் அடுத்த வீட்டுப் பெண், பத்தாம் வகுப்பில் என் பெஞ்சுக்காரி. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நான் பெயில். திருப்புதல் தேர்விலும் கோட்டை விட்டால் 'டி.சி.'யை வாங்கிக்கொண்டு போகலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பர்வீன் இல்லாத இன்னொரு பள்ளியை நினைத்தாலே எனக்கு அழுகை முட்டியது.

சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் உட்கார எனக்கு உடம்பு வணங்காது. ஆகவே நாங்களே ஒரு சட்டம் போட்டோம். மூன்று தாம்பரம் வண்டி போகும்வரை தலை நிமிரக் கூடாது; மூன்றாவது போனதும், அடுத்தது வரும்வரை 'இன்டர்வெல்'. அடடா, அந்த இன்டர்வெல்! மிளகாய்த்தூள் தடவிய மாங்காயைக் கடித்துக்கொண்டே நொண்டி ஆடுவோம்; தரை குறுகுறுத்ததும் பாய்ந்து வந்து பென்சிலைப் பிடிப்போம். இரண்டே வாரத்தில் காரணிப்படுத்தல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

தேர்வுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வண்டிகள் போயின, மூன்றாவது வரவேயில்லை. கால் மரத்துப்போய் நான் எழுந்தேன். பர்வீன் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாடி எழுந்துக்கினே? மூணாவது வண்டி வந்துச்சா? இன்னும் கொஞ்ச நேரம் குந்து."

வராத வண்டியைத் திட்டிக்கொண்டே இரண்டு பாடங்களை முடித்துவிட்டோம். துணி எடுக்க வந்த அம்மா எங்களைப் பார்த்துத் திகைத்தாள்.

"தண்டவாளத்துல வேலை நடக்குதாம், மத்தியானத்துலேர்ந்து வண்டியே கெடையாது. நீங்க இன்னாத்துக்கு வெயில்ல காஞ்சிக்கினு கீறீங்க?"

இரண்டரை மணி நேரம்! நானா! இருவரும் கைகோத்துக் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் சத்தம் போட்டார். விடைத்தாளில் ஐம்பத்தெட்டு. 'டி.சி.' பேச்சு அதோடு போயிற்று. ஆண்டு முடியும்வரை ஒரே பெஞ்சில் இருந்தோம்.

அந்த வீடு இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு, மாடிக்குப் பூட்டு. பர்வீன் வாணியம்பாடியில் மருமகள். அடையாறு அலுவலகத்தில் என்னுடன் வேலை செய்யும் இளசுகள், போனில் இருபத்தைந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்லித்தந்தபோது எனக்குச் சிரிப்பு தாளவில்லை. நானும் அப்படித்தான் செய்கிறேன், வேலையும் ஓடுகிறது. மணி அடித்ததும் எழுந்துவிடுகிறேன்; இன்னும் கொஞ்ச நேரம் குந்து என்று பிடித்து இழுக்க ஆளில்லை.