இங்கிலீஷில் சொன்ன பொய்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் டீச்சர். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தால், "இதை வீட்டுல படிச்சுக்குங்க" என்று சொல்லி, நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிற டீச்சர். இதைச் சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

எங்கள் தெருவுக்குக் கோவளத்திலிருந்து ஓர் அக்கா மீன் கொண்டுவருவார். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. ஒரே பெண்ணுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தார். தெருமுனையில் அவர் "மீனேய்" என்று குரல் கொடுத்தால் அடுத்த தெருவில் பூனை எழுந்து உட்காரும். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை சங்கராவை ஆய்ந்து கொடுத்துவிட்டு, கூடையைத் தூக்காமல் நின்றார்.

"டீச்சரம்மா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்காத."

குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிவிட்டதாம். இப்போது சில மாதங்களாக மறுபடியும் அப்பப்போ ரத்தம் படுகிறதாம், நாற்றத்தோடு நீரும் போகிறதாம். ஊரில் டாக்டரிடம் போனால் சம்பந்தி வீட்டுக்கு அன்றைக்கே சேதி போய்விடும் என்று பயம்.

"அந்த எடத்துல சீக்குன்னா இன்னா இன்னா பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? நீ படிச்சவ. கூட வந்து டாக்டராண்ட நீயே சொல்லு. எனக்கு வாய் வராது."

இதென்ன பிரமாதம் என்று அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் குடும்ப டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டாக்டர் அறைக்கு அரைக்கதவுதான். உள்ளே யாராவது தும்மினால் வெளியே பெஞ்சில் இருப்பவர் "நூறு" என்பார். அன்றைக்கென்று அந்தப் பெஞ்சில் என் மாணவி ஒருத்தியின் அப்பா, பக்கத்து வீட்டு மாமா, போஸ்ட் ஆபீஸ்காரர் என்று எல்லாம் தெரிந்த முகங்கள். "வணக்கம் டீச்சர்" என்று வரிசையாகக் கும்பிட்டார்கள்.

"என்னம்மா ப்ராப்ளம்?" என்று டாக்டர் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தார். டாக்டர் ஆண். அரைக்கதவுக்குக் கீழே நாலைந்து ஜோடிச் செருப்புக் கால்கள் தெரிகின்றன. எந்த வார்த்தையை எடுத்தாலும் அந்தக் கால்களுக்குக் கேட்கும். சட்டென்று இங்கிலீஷுக்குத் தாவினேன். இவருக்கு ரொம்ப நாளாக வயிற்று வலி, எரிச்சல் என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று இரண்டு தடவை கேட்டார். "நத்திங் டாக்டர்" என்றேன், இரண்டு தடவையும்.

தெருவுக்கு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அல்லாத்தையும் சொன்னியா டீச்சரம்மா? ரத்தம் படறதக் கூடவா?"

"சொல்லிட்டேன்னு சொல்றேன்ல" என்று எரிந்து வேறு விழுந்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போய்விடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அப்புறம் அரையாண்டுத் தேர்வு வந்தது, பேப்பர் திருத்தல் வந்தது, பொங்கல் வந்தது. அவரோ டாக்டருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில் அந்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். தீர்ந்ததும் அதே சீட்டைக் காட்டித் திரும்ப வாங்கினார். "இன்னும் கேக்கலியே" என்று என்னிடம் சொல்லும்போதெல்லாம், "கேக்கும்க்கா, டைம் ஆகும்" என்றேன். இப்படி நாலு மாதம்.

ஒருநாள் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து மீன் எடுத்துக் கொடுத்தவர் எழுந்தபோது, படியில் ரத்தம். மீன் ரத்தம் இல்லை. அவர் அவசரமாகத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, "மன்னிச்சிக்கோ டீச்சரம்மா, காலங்காத்தால உன் வாசல அசிங்கப்படுத்திட்டேன்" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்!

மறுநாளே மின்சார ரயில் ஏறி சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பெண் டாக்டர். பரிசோதித்துவிட்டு, பழைய சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். அக்கா சுருக்குப்பையிலிருந்து பத்திரமாக மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

"வயித்து எரிச்சலுக்கு மாத்திரை குடுத்திருக்காரே! ரத்தம் படறதை அவர்கிட்ட சொல்லவே இல்லையா?" என்றார் டாக்டர்.

அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"இல்லம்மா. நாந்தான் வெக்கத்துல சொல்லாம வுட்டுட்டேன்."

டாக்டர் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். உயிரைவிட வெட்கமா பெரிசு, ஐம்பது வயதில் அறிவு வேண்டாமா, நாலு மாதத்தை வீணாக்கிவிட்டீர்களே என்று. எனக்கு விழ வேண்டிய அத்தனை திட்டையும் அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். நானோ வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். போதாக்குறைக்கு, "நீங்க படிச்சவங்களாத் தெரியறீங்க, இவங்களுக்கு எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்று டாக்டர் என்னிடம் மரியாதையாகக் கேட்டார். அப்போதும் உண்மை வெளியே வரவில்லை.

யோனியில் புற்றுநோய். இப்போதாவது அந்த வார்த்தையை எழுதிவிடுகிறேன். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மேல் தோலோடு நின்றிருந்தால் லேசர் ஒளியால் அந்த இடத்தை மட்டும் எரித்து எடுத்துவிடலாம், கத்தி வேண்டாம். உள்ளே இறங்கியிருந்தால் பெரிய ஆபரேஷன், இல்லையென்றால் கரண்ட் என்று எல்லோரும் சொல்கிற கதிர்வீச்சு வைக்க வேண்டும், அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் எனக்கு ஒரே கணக்குதான். நோய் உள்ளே இறங்கியிருந்தால், இறக்கியது என் நாலு மாதம் அல்லவா?

இறங்கவில்லை. மேல் தோலோடுதான் நின்றிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா லேசரால முடிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். என் முதுகைத் தட்டிக் கொடுத்தவர் அக்காதான்.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து லேசர் சிகிச்சை செய்தார்கள். வெளியே வந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "கருவாடு சுட்ட மாரி ஒரு வாசன வந்துச்சு டீச்சரம்மா. நம்ம பொழப்பு நம்மள வுடாது போல." நர்ஸ்கூடச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணமும் தள்ளிப்போகாமல் நடந்தது. பந்தியில் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, "எனக்கு உசிரு குடுத்தவங்க" என்று சம்பந்தியிடம் சொன்னார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். பிறகு ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அக்கா, அன்னைக்கு நான் அந்த டாக்டர்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். "மீனு வோணுமா வேணாமா? வெயில் ஏறுது" என்று வெட்டிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். அன்றைக்கு வழக்கமான டாக்டர் இல்லை; ஓர் இளம் ஆண் டாக்டர். கதவு திறந்திருக்கிறது, வெளியே கூட்டம். "சொல்லுங்க" என்றார். பழக்கதோஷத்தில் நான் இங்கிலீஷில் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டில் கை வைத்தார்.

"நீ இரு டீச்சரம்மா. நானே சொல்லிக்கிறேன்."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். பிறகு எங்கே நோய், எப்படி ரத்தம் பட்டது, எப்படி எரித்தார்கள், இப்போது எப்படி இருக்கிறது என்று ஒன்று விடாமல், தெருவில் மீன் விற்கிற அதே குரலில் சொன்னார். வராந்தா முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. எந்தக் கூரையும் இடிந்து விழவில்லை.

அடுத்த வருடம் அந்த நாலு பக்கத்தையும் வகுப்பில் நடத்தினேன். அதனால் பாவம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அந்த அரைக்கதவுக்குள் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இருந்த வெட்கம் ஒரு நிமிஷம். சொல்லாமல் விட்டதற்கும், என் திட்டை அவர் வாங்கிக்கொண்டபோது சும்மா நின்றதற்கும் படுகிற வெட்கம் இன்னும் தீரவில்லை.