டெஸ்டிங் மாதேஸ்வரி மேல் பழியில்லை

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படம், கீழே கன்னடத்தில் இரண்டு வரி: மாதேஸ்வரி மேடம் இன்று காலை மாரடைப்பால் காலமானார். நான் அப்போது மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு கண்ணாடிக் கடையில் காத்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை படித்தேன். குழுவில் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன். அப்போதைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

நம் எலெக்ட்ரானிக்ஸ் யூனிட்டின் தமிழ் நண்பர்கள் நடத்தும் இரங்கல் கூட்டத்தில் வாசிக்க நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் நல்ல வார்த்தையோடு நிறுத்த முடியாது. அவர் டெஸ்டிங்கிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றப்பட்டது யார் செய்த தவறால் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருஷமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். இனித் தள்ளிப்போடத் தெம்பில்லை.

ஹனூர் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்திலிருந்து டிப்ளமா படித்து மைசூருக்கு வந்தவர் மாதேஸ்வரி. நான் டிசைன், அவர் டெஸ்டிங். நான் வரைகிற சர்க்யூட் போர்டை அவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது வெளியே போகும். மற்றவர்கள் சுவிட்சைப் பத்துத் தடவை போட்டு அணைத்துவிட்டு 'ஓகே' எழுதுவார்கள். இவர் மட்டும் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் பெட்டியின் திருகைப் பிடித்து, வோல்டேஜை இம்மி இம்மியாக இறக்குவார். ஒரு போர்டுக்கு அரை மணி. மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார். நானும் ஒருநாள், இப்படி உருட்டிக்கொண்டிருந்தால் எப்போது சரக்கு போகும் என்று கேட்டேன்.

"சுவிட்சத் தட்டுனா அது பயந்துக்கிட்டு ஒழுங்கா நடக்குமுங்க சார். மெதுவா எறக்குனாத்தான் அதோட கொணம் தெரியும்" என்றார்.

என் சட்டைப் பையில் எப்போதும் கசியும் பேனாவைப் பார்த்து, முதலில் உங்களை டெஸ்ட் பண்ணித்தான் உள்ளே விட வேண்டும் என்று கேலி செய்ததும் அவர்தான். மாதேஸ்வரன் மலைக்குப் போய்வந்தால் எங்கள் எல்லோருடைய மேஜையிலும் ஒரு பொட்டலம் திருநீறு இருக்கும். கும்பிடாதவன் மேஜையிலும் இருக்கும்.

இனி அந்த விஷயம். போர்வெல் மோட்டாரைக் கண்காணிக்கும் போர்டு ஒன்றை நான் வரைந்திருந்தேன். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை அது நிறுத்த வேண்டும். எந்த அளவில் நிறுத்துவது என்பது போர்டின் நினைவகத்தில் பதிந்திருக்கும். வோல்டேஜ் குறைந்துபோனால் ப்ராசஸர் கிறுக்குப் பிடித்தமாதிரி எதையாவது செய்யும், பதிந்ததையே அழித்துவிடும். அதற்காகத்தான் பக்கத்தில் ஒரு குட்டி ஐசி வைக்கிறோம். வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருந்து, குறைந்தால் ப்ராசஸரை ரீசெட்டில் அமுக்கிப் பிடிப்பது அதன் வேலை. அந்த ஐசியை நான் தவறாகத் தேர்ந்தெடுத்தேன். ப்ராசஸருக்கு 2.7 வோல்ட்டாவது வேண்டும். என் ஐசியோ 2.63-க்கு இறங்கிய பிறகுதான் விழித்துக்கொள்ளும்.

மாதேஸ்வரி கண்டுபிடித்துவிட்டார். அளந்து, ஒரு சீட்டில் எழுதி என் மேஜைக்கே கொண்டுவந்தார். ஐசி எல்லாம் வந்து இறங்கி, பாதி போர்டுகள் சால்டர் ஆகிவிட்டிருந்தன. எனக்கு எரிச்சல். அந்தச் சின்ன இடைவெளியைக் கரண்ட் கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிவிடும் என்றேன்.

"எங்கூர்ல கண்ணிமைக்கிற நேரத்துல எறங்காதுங்க சார். சாயங்காலம் ஆறு மணிக்கு எறங்க ஆரம்பிச்சா எட்டு வரைக்கும் எறங்கிக்கிட்டேதான் இருக்கும். கரண்டு போயிட்டா வம்பில்லீங்க. அரைகொறையா நிக்கிறதுதான் வம்பு."

பார்த்துக்கொள்கிறேன், பொறுப்பு என்னுடையது, நீங்கள் ஓகே போடுங்கள் என்றேன். சீட்டின் அடியில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு டிராயரில் போட்டுக்கொண்டேன். அவர் என்னை நம்பி ஓகே போட்டார்.

கோடை வந்தது. ஹனூர், கொள்ளேகால் பக்கமிருந்து வரிசையாகப் புகார். போர்டு தன் அளவை மறந்து, வறண்ட கிணற்றில் மோட்டார் ஓடி எரிந்திருந்தது. மேனேஜர் கூட்டம் போட்டார். டெஸ்டிங்கில் இது ஏன் மாட்டவில்லை என்று கேட்டார். எல்லோரும் மாதேஸ்வரியைப் பார்த்தார்கள். மாதேஸ்வரி என்னைப் பார்த்தார். சீட்டு டிராயரில் இருக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். குனிந்து டீயைக் குடித்தேன்.

அவர் மேனேஜர் பக்கம் திரும்பி, "நாந்தான் பாத்திருக்கோணுமுங்க சார்" என்று மட்டும் சொன்னார். மறுவாரம் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நான் சத்தமில்லாமல் 2.93-இல் விழித்துக்கொள்ளும் ஐசியை மாற்றி வைத்தேன். சீக்கிரம் சரிசெய்ததற்காக எனக்குப் பாராட்டு கிடைத்தது. நீங்கள்கூடக் கை தட்டினீர்கள்.

ஒருமுறை கேன்டீன் வாசலில் அவரை நிறுத்தி, 'அன்றைக்கு நான்...' என்று தொடங்கினேன். "விடுங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டார். உண்மையில் எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி.

இறுதிச் சடங்குக்கு ஹனூர் போனேன். அவர் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா என்னமோ பெரிய தப்புப் பண்ணிப்போட்டுதுங்களாமா. அப்பவும் வேலைய விட்டுத் தூக்காம வெச்சிருந்தீங்க. உங்களுக்கெல்லாம் புண்ணியமாப் போகுமுங்க" என்றார். கண் கலங்கி நன்றி சொன்னார். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் மைசூர் வரும்வரை என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை சீட்டைத் தேடி எடுத்து, அவர் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மைசூரில் வளர்ந்த பெண், கன்னடத்தில்தான் பேசிக்கொண்டிருந்தாள். சீட்டை அனுப்பச் சொன்னாள், மாமாவுக்குத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பிறகு தமிழுக்கு மாறி, "இது நீங்கதான்னு அம்மாவுக்குத் தெரியும்தானே அங்கிள்?" என்றாள்.

தெரியும் என்றேன்.

"அப்ப அம்மா ஏன் எங்ககிட்டகூடச் சொல்லல?"

சீட்டைக் கூரியரில் அனுப்பிவிட்டேன். மாதேஸ்வரியின் நினைவாக என்னிடம் இப்போது இருப்பது அவர் மகள் கேட்ட இந்தக் கேள்வி ஒன்றுதான்.