கயிறு கட்டிய மடைக்கதவு

போன பௌர்ணமியன்று எங்கள் சந்தில் தண்ணீர் ஏறவில்லை. கொச்சியின் மட்டாஞ்சேரியில் இதைச் சொன்னால் கேட்பவர் முதலில் நம்பமாட்டார். பிறகு எந்தச் சந்து என்று விசாரிப்பார். மறுநாள் பார்க்க வந்துவிடுவார். அப்படி வருபவர்களுக்கு நான்தான் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுகிறேன், பெருமையாகவே காட்டுகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் அவர்களிடம் சொல்வதில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு வெள்ளம் மழையால் மட்டும் வருவதல்ல. விருச்சிகம், தனு மாதங்களில், அதாவது கார்த்திகை, மார்கழியில், வானம் பளிச்சென்று இருக்கும்போதே வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலோடு சேர்ந்த உப்பங்கழியான காயல் உயரும். தோடு என்று நாங்கள் சொல்லும் கால்வாய் நிறையும். சந்தின் கழிவுநீரை வெளியே கொண்டுபோக வேண்டிய ஓடை, உப்புத் தண்ணீரை உள்ளே கொண்டுவரும். இதற்கு வேலியேற்றம் என்று பெயர். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் செங்கல்மேல் ஏற்றிவைத்து வாழப் பழகியவர்கள் நாங்கள். எதிர்வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் பெண்ணின் கிரைண்டரும் செங்கல்மேல்தான் நிற்கும்.

அவள் என்னிடம் சொல்லியிருந்தாள்: "அண்ணாச்சி, இந்த சீசனும் வெள்ளம் கேறினா நான் பள்ளுருத்திக்கு வாடகைக்குப் போயிருவேன். உப்புல நின்னு நின்னு காலெல்லாம் வெந்துபோச்சு."

அந்தச் சமயத்தில்தான் அந்த மூன்று பேர் வந்தார்கள். வெவ்வேறு நாட்டு இளம் பொறியாளர்களை ஒன்றுசேர்த்து, ஏதாவது ஓர் ஊரின் தண்ணீர்த் தொல்லையைத் தீர்க்க அனுப்பும் திட்டம் அது. ஒருத்தி திருப்பூணித்துறைப் பெண், வீட்டில் தமிழ் பேசுபவள். ஒருவன் நெதர்லாந்துக்காரன். இன்னொருத்தி வியட்நாம்காரி. எங்கள் சந்தில் வெற்றி பெற்றால் பக்கத்துச் சந்துகளுக்கும் அதையே செய்வார்கள். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவர்களுடைய யோசனை எளிமையானது. ஓடை தோட்டில் சேரும் இடத்தில், மேலே கீல் வைத்த ஒரு மடைக்கதவு. உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து காயல் தள்ளினால் மூடிக்கொள்ளும். மூடியிருக்கும் நேரத்தில் வீடுகளின் கழிவுநீர் தேங்க ஒரு தொட்டி வேண்டும். அதற்குச் சரியான இடம் தோட்டுக்குப் பக்கத்தில், சந்திலேயே தாழ்வான வீட்டில். அதாவது என் கார் ஷெட்டில்.

"அங்கிள், அந்த ஷெட் மட்டும் தந்தா போறும்" என்றாள் திருப்பூணித்துறைக்காரி.

நான் குடிநீர்ப் பொறியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குடியிருப்போர் சங்கத்தின் தலைவரும்கூட. தொட்டி தேவையே இல்லை, ஓடையிலேயே இடம் போதும் என்று சொன்னேன். ஒரு தாளில் ஏதோ கணக்குப் போட்டும் காட்டினேன். கணக்கு பொய்யல்ல, ஆனால் எனக்குச் சாதகமான எண்களை எடுத்துக்கொண்டேன். என் கார் வெயிலில் நிற்கக் கூடாது என்பதுதான் உண்மையான காரணம். வயதுக்கு மரியாதை கொடுத்து அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

கதவு மாட்டிய பிறகு வந்த முதல் ஏற்றத்திலேயே அது ஒழுங்காக மூடிக்கொண்டது. சந்து காய்ந்திருந்தது. ஆனால் சந்தின் சோப்புத் தண்ணீரும் சாக்கடையும் வெளியேற வழியில்லாமல் தாழ்வான இடத்தைத் தேடி என் குளியலறைக்குள் பொங்கின. காயல் இறங்கிய பிறகும் மெதுவாகத்தான் வடிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் யாரும் பார்க்காத நேரத்தில் நைலான் கயிற்றால் கதவைத் தூக்கித் தோட்டுக்கரைக் கைப்பிடிக் கம்பியில் கட்டினேன். அடுத்த ஏற்றத்துக்கு முன் அவிழ்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு டிவியில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தேன். அப்படியே தூங்கிப்போனேன்.

விடியும்போது சந்து முழுக்க வெள்ளம். நான் முதலில் செய்தது கயிற்றை அவிழ்த்து ஒளித்ததுதான்.

அன்று ஏற்றம் செங்கல்லையும் தாண்டியிருந்தது. எதிர்வீட்டுக் கிரைண்டரின் மோட்டார் புகைந்துபோனது. ஊறவைத்த அரிசியெல்லாம் உப்பு. நெதர்லாந்துக்காரன் கறுத்த சேற்றில் இடுப்பளவு இறங்கி, கீலைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தான். தவறு தன் வடிவமைப்பில்தான் என்று முடிவே செய்துவிட்டான். நான் கரையில் நின்று அவனுக்கு வெயில் படாமல் குடை பிடித்தேன். சாயாவும் வாங்கிக் கொடுத்தேன். அவன் நன்றி சொன்னான். அந்த நன்றி இன்றும் என்னை உறுத்துகிறது.

சில நாள் கழித்து என் வீட்டு முற்றத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. கதவைக் கழற்றிவிடுகிறோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று திருப்பூணித்துறைக்காரி பேசிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்றபடி, "மன்னிப்பெல்லாம் எதுக்கு மோளே, நான் வீடு பார்த்தாச்சு" என்றாள்.

நான் உள்ளே போய்க் கயிற்றை எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். "கதவில் தப்பில்லை. நான்தான் கட்டினேன்" என்றேன். குளியலறை, கிரிக்கெட், ஷெட், எல்லாவற்றையும் சொன்னேன்.

விஷயம் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டதும் வியட்நாம்காரி கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். தங்கள் ஊரிலும் மடைக்கதவு வைத்தால் ஒரு வீட்டில் கட்டாயம் இப்படி ஒரு கயிறு இருக்கும், இங்கே யார் வீட்டில் என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன் என்றாள். நெதர்லாந்துக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, "அப்படியானால் கீல் சரியாகத்தான் இருந்ததா?" என்று இரண்டு தடவை கேட்டான். ஆமாம் என்றதும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

எதிர்வீட்டுக்காரி விடவில்லை. "அண்ணாச்சியோட கார் நனையாம நிக்கட்டும். நாங்க வெள்ளத்துல நின்னுக்கறோம். தலைவரில்லையா!"

மறுநாள் காலை காரைச் சந்துமுனையில் நிறுத்தினேன். ஷெட்டின் தளத்தை உடைக்க முதல் கடப்பாரையை நானே போட்டேன். என் முதுகுக்கு அது ஒன்றுதான் முடிந்தது. மீதியை அந்த மூவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்களும் தோண்டினார்கள். புகைந்துபோன கிரைண்டர் மோட்டாரைச் சுருள் கட்டக் கொடுத்து வாங்கி வந்தேன். எதிர்வீட்டுக்காரி அதை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டை மாற்றுவதைப் பௌர்ணமி கழியும்வரை தள்ளிப்போட்டாள்.

பௌர்ணமி விடியலில் சந்து முழுவதும் தோட்டுக்கரையில் நின்றது. காயல் ஏறி ஏறி, வெளியே தண்ணீர் எங்கள் தெருவைவிட உயரத்தில் நின்றது. கதவு இறுகி மூடியிருந்தது. ஷெட்டுக்கடியில் தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் குனிந்து தெருவைக் கையால் தடவிப் பார்த்து, "காய்ஞ்சு கிடக்குடா!" என்று கத்தினார். எங்களுக்குப் பின்னால் கிரைண்டர் ஓடத் தொடங்கியது. வெயில் ஏறி, காயல் இறங்கியபோது கதவு பொத்தென்று தானாகத் திறந்து, தேங்கியதெல்லாம் தோட்டுக்குள் பாய்ந்தது. நெதர்லாந்துக்காரன் வியட்நாம்காரியைத் தூக்கிச் சுற்றினான். திருப்பூணித்துறைக்காரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஜெயிச்சுட்டோம் அங்கிள்" என்றாள். அந்த 'டோம்' எனக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த சந்துக்குக் கதவு வந்துவிட்டது. அதற்கடுத்த சந்தில் தொட்டிக்கு இடம் கொடுக்க வேண்டியவர் என்னிடம்தான் முதலில் யோசனை கேட்டார். கொடுத்துவிடுங்கள் என்றேன்.

எதிர்வீட்டுக்காரி பள்ளுருத்திக்குப் போகவில்லை. போன வாரம் கிரைண்டருக்கு அடியிலிருந்த செங்கற்களை உருவி, என் வாசலில் கொண்டுவந்து அடுக்கினாள். என்ன இது என்றேன்.

"உங்க காருக்கு அண்ணாச்சி. இனி சந்துக்கு வெளியில வெள்ளத்துல நிக்கப்போறது அது ஒண்ணுதானே."

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அன்றுதான் முதல்முறையாக அவளிடம் மாவு வாங்கினேன்.